ஒத்தை உயிர்

ஹலோ... ஹலோ, குட்டி! ஏன்டி, நாலு தடவை அடிச்சாதான் எடுப்பியா? இங்க ஒரு கையில கத்தி, ஒரு கையில போனு, எனக்கென்ன மூணாவது கை முளைச்சிருக்கா... யாரு?... ஐயய்யோ, மாப்ளயா! மன்னிச்சுக்கங்க மாப்ள. தங்கச்சி நம்பராச்சேன்னு வாய்க்கு வந்தபடி... ஆமா, ஆமா, அவ நம்பர்தான். எடுத்தது நீங்க. நல்லா இருக்கீங்களா? வேலைக்குப் போகலையா?... லீவா. ம்.

கடையிலதான் மாப்ள. கறிக்கடைக்காரிக்கு ஏது லீவு... எது, அந்தச் சத்தமா? கட்டையில நெஞ்செலும்பு வெட்டிட்டிருக்கேன், கடையாளு கொக்கி அண்ணன் பின்னாடி தோலு உரிக்கறாரு. நீங்க பேசுங்க, நான் பாட்டுக்கு வெட்டிட்டே பேசறேன். பழக்கம்தான்.

குட்டி எங்க?... படுத்திருக்காளா? பகல் பன்னெண்டு மணிக்கா? என்ன பண்ணுது?... தலைவலியா. சரி, எழுப்ப வேண்டாம். பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. சனிக்கிழமை ஆட்டத்தைப் பத்திதான்... ஆமா, அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம்தான். கோட்டை. மூணு பாகத்தையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சா ஆடி முடிக்கறதுன்னு நானும் அவளும்... சிரிங்க, சிரிங்க. ரெண்டு பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வந்த ஆசையைப் பாருன்னு சிரிக்கறீங்க. ஸ்கூல்ல படிக்கறப்ப ஆரம்பிச்சது மாப்ள. மூணாம் பாகத்தை முடிக்கறதுக்குள்ள அவளுக்கு உங்களோட கல்யாணம் ஆயிடுச்சு. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கு, சும்மா சொல்லக் கூடாது.

என்ன?... வரமாட்டாளா? ஏன்?... ம்... ம்... வீட்டு வேலை இருக்கும், இல்லேங்கல. சனிக்கிழமை ஒரு நாள்தானே மாப்ள. காலைல வந்தா சாயங்காலம் திரும்பிடுவா, நானே கொண்டாந்து விடறேன்... அது சரி... அது சரி... இல்ல, உங்க பேச்சுக்கு மறு பேச்சு பேசுவேனா நான்?

டீச்சரம்மா, ஒரு நிமிஷம். தொடையா நெஞ்சா?... தொடை அரைக் கிலோ, சின்னச் சின்னதா. ஆகட்டும், உக்காருங்க.

சொல்லுங்க மாப்ள. நான் ஒண்ணு சொல்லட்டா? அவ இங்க வர வேண்டாம். போன மாசம் வந்தப்பவே உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மூணு பாகத்தையும் ஏத்தி வெச்சிருக்கேனே. நீங்க அங்கேர்ந்து ஆடுங்க, நான் இங்கேர்ந்து போன்ல சொல்றேன். நீங்களும் சேர்ந்துக்கங்க. என்ன, நீங்கதான் தலைவன்... பாத்தீங்களா, குரலே மாறுது! தலைவன்னதும் லீவு போட்ட களைப்பெல்லாம் எங்கயோ போயிடுச்சு.

விளையாட்டுன்னு லேசா நினைச்சுடாதீங்க. ஆரம்பிச்சதுமே போர் முரசு அடிக்கும். படை ஆறு பேரு. முன் வரிசையில மூணு, பின் வரிசையில மூணு. முன்னாடி நிக்கறவங்க அடிப்பாங்க, அடி வாங்குவாங்க. பின்னாடி வில்லு, மந்திரம், வைத்தியம். முதல் பாகத்துல எடுத்த வாளும் வாங்குன தழும்பும் அப்படியே ரெண்டாம் பாகத்துக்கு வரும், அங்கேர்ந்து மூணுக்கு வரும். செத்தவன் செத்தவன்தான்... இல்ல, இல்ல, அதெல்லாம் கிடையாது. சேவ் பண்ணி வெச்சுட்டு, செத்ததும் திரும்பப் போய் ஆடறது அழுகுணி ஆட்டம். எங்க வீட்டுல அப்படி ஆடினா சோறு கிடையாது.

ரத்தமா? கேக்கறீங்களே! திரை பூரா ரத்தம்தான். பழைய ஆட்டம், மொத்தமே பதினாறு கலரு, அதுல நாலு சிவப்பு. முதல் கோட்டையில குள்ளனுங்க கும்பலா வருவானுங்க, ஒரே வீச்சுல ரெண்டு தலை உருளும். நான் எப்பவும் கோடாலிக்காரி. தொழில் புத்தி மாப்ள, என்ன பண்றது. கொன்னா போதும்னு விடமாட்டேன், துண்டு போட்டுட்டுதான் நகருவேன். குட்டி கத்துவா, ‘செத்தவனை எத்தனை தடவைடி கொல்லுவ, உசுரோட ஒருத்தன் பின்னாடி வர்றான் பாரு’ம்பா.

அவளா? அவ வைத்தியச்சி. எவ்வளவு வெட்டு விழுந்தாலும் அவ கை வெச்சா எந்திரிச்சு உக்காந்துடுவேன் நான். ஆனா இந்தத் தடவை மாத்தி ஆடப்போறேன், வில்லுக்காரியா வரேன்னு சொல்லிட்டிருந்தா. அதைக் கேக்கத்தான் அடிச்சேன்... முழிச்சுட்டாளா? நல்லதாப் போச்சு. அவ எந்திரிக்க வேண்டாம், நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன். வில்லா, வைத்தியமா, எதுல வர்றான்னு... இருக்கேன், இருக்கேன், லைன்லதான் இருக்கேன்.

இந்தாங்க டீச்சரம்மா. எலும்பு ரெண்டு சேத்துப் போட்டிருக்கேன்... தங்கச்சி வீட்டுக்காரர்தான். கொஞ்சம் முறுக்கிக்குவாரு, ரெண்டு வார்த்தை உசத்திப் பேசினா வழிக்கு வந்துடுவாரு. எங்க சனிக்கிழமையைக் காப்பாத்தணும்ல.

ஆங், சொல்லுங்க மாப்ள. என்னன்னா?... என்னது?

இன்னொரு தடவை சொல்லுங்க.

ஒத்தை... ஒத்தைன்னா. அப்படியேவா சொன்னா?... ‘அக்காகிட்ட நான் ஒத்தைன்னு சொல்லுங்க, அவளுக்குப் புரியும்.’ ம். சிரிச்சுட்டே சொன்னாளா... சிரிக்கலையா.

இல்ல மாப்ள, இருக்கேன். வெட்டறதை நிறுத்திட்டேன், அதான் சத்தம் இல்ல.

அதுவா? அது... அது எங்க பாஷை மாப்ள. ஒத்தைன்னா ஒத்தை வில்லு. மந்திரம் கிந்திரம் இல்லாம வெறும் வில்லோட வர்ற ஆளு. புரிஞ்சுடுச்சு எனக்கு. நல்லாவே புரிஞ்சுடுச்சு... எங்க படுத்திருக்கா, உள் ரூம்லயா?... சமையக்கட்டுலயா? தரையிலயா?... ஆமாமா, சில்லுனு இருக்கும். தலைவலிக்கு நல்லதுதான்.

மாப்ள, கடைக்கு ஆள் வந்திருக்கு, ஒரே நிமிஷம் மியூட்ல போடறேன். வெச்சுடாதீங்க. தலைவனுக்கு என்ன வாளுன்னு இன்னும் பேசவே இல்லையே நாம! இருங்க, ஒரே நிமிஷம்.

கொக்கி அண்ணே! இங்க வாங்க. கத்தியைப் போட்டுட்டு வாங்க அண்ணே!... இல்ல, அவனுக்குக் கேக்காது, மியூட்ல இருக்கு. குட்டியை அடிச்சுப் போட்டிருக்கான் அண்ணே... எனக்கு எப்படித் தெரியுமா? ஒத்தைன்னு சொல்லி அனுப்பியிருக்கா. எங்க ஆட்டத்துல ஒவ்வொருத்தர் உயிருக்கும் ஒரு எண்ணு இருக்கும். அடி விழ விழ குறைஞ்சுட்டே வரும். நாப்பது, இருபது, அஞ்சு, கடைசியா ஒண்ணு. அந்த ஒண்ணுல நிக்கறப்ப ‘ஒத்தை’ன்னு கத்தணும். இன்னொரு அடி விழுந்தா செத்தேன், ஓடி வாங்கன்னு அர்த்தம். இந்த வார்த்தை எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். ஆட்டத்துலயே அவ அதைச் சும்மா சொல்ல மாட்டா அண்ணே. அந்த நாயி அதை அவன் வாயாலயே கொண்டு வந்து என்கிட்ட கொடுத்துட்டு, அப்படின்னா என்னன்னு அர்த்தம் வேற கேக்கறான்!

வண்டியை எடுங்க. முன்னாடி போகாதீங்க, பின் சந்துக்குப் போங்க. சமையக்கட்டுக் கதவு அங்கதான் திறக்கும். அவனை நான் ஹால்ல கம்ப்யூட்டர்கிட்ட உக்கார வெச்சுடறேன்... நானா? நான் வரணும்னா போனை வைக்கணும். போனை வெச்சா அவன் எந்திரிச்சு அவகிட்ட போவான். இங்கேர்ந்தே பிடிச்சு வைக்கறேன்... போலீஸ் வரட்டும், அப்புறம் வரட்டும். இப்ப வந்து முன் கதவைத் தட்டினா அவன் தாழ்ப்பாளைப் போட்டுட்டு உள்ள என்ன பண்ணுவானோ. முதல்ல அவ வெளிய வரணும். போய்ச் சேர்ந்ததும் கடை போனுக்கு அடிங்க. நிக்காதீங்க அண்ணே, ஓடுங்க!

மாப்ள!... இருக்கீங்களா? அப்பாடா. கோச்சுக்காதீங்க, ஈரல் கேட்டு ஒரு ஆளு, கொடுத்தா ரத்தமா இருக்குங்கறாரு. ஈரல்ல ரத்தம் இல்லாம பால் வடியுமா? எங்க விட்டோம்... வாளு. ஆமா.

சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு மாப்ள, லீவுலதானே இருக்கீங்க, இப்பவே ஆரம்பிச்சுடுவோம். குட்டி பக்கத்துல உக்காந்து ஆட்டத்தைப் பாக்கட்டுமே, வரச் சொல்லுங்களேன்... கையா? கையில என்ன? தலைவலின்னுதானே சொன்னீங்க?... ஓ, வழுக்கி விழுந்தாளா. அதுல தலையும் வலி, கையும் வலி. சரி... எந்த இடத்துல?... மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல. வெளிப்பக்கம். வீங்கியிருக்கு. ம்... ம்... விழறவங்க கையை ஊணுவாங்க மாப்ள, மணிக்கட்டுதான் போகும். நடு எலும்பு எப்ப உடையும்னா... ஒண்ணுமில்ல, விடுங்க. இருபது வருஷமா எலும்போட குடும்பம் நடத்தறவ, வாய் சும்மா இருக்காது.

இல்லையே, கோவமா எல்லாம் பேசல. என் குரலே இப்படித்தான். கறிக்கடையில கொஞ்சிக் கொஞ்சி பேசினா எவன் மதிப்பான்?

சரி, கேளுங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குட்டிக்கு ஒரு சேதி சொல்லணும். நான் சொல்றதை ஒரு எழுத்து மாறாம அவகிட்ட போய்ச் சொல்லுங்க. மாறினா அவளுக்குப் புரியாது, ஆட்டம் கெட்டுடும்... அட, தலைவன்தான் மாப்ள ஓலை கொண்டு போகணும், அந்த ஆட்டத்துல அதுதான் சட்டம்! கேளுங்க. ‘முரசு கேட்டதும் நீ பின்பக்கமா போயிடு. வண்டி நிக்கும், ஏறிக்கோ. ராட்சசனை அக்கா பாத்துக்கறா.’ எங்க, சொல்லுங்க பாப்போம்... ‘பாத்துக்கறா’. ஆமா... ராட்சசன் யாரா? முதல் கோட்டை வாசல்ல நிப்பான் மாப்ள. பெரிய உடம்பு, சின்ன மூளை. போய்ச் சொல்லிட்டு வாங்க. எழுப்பி உக்கார வைக்க வேண்டாம், வாசல்ல நின்னு சொன்னா போதும். தொடாதீங்க. தலைவலில தொட்டா அவளுக்குப் பிடிக்காது.

...டீச்சரம்மா, நீங்க இன்னும் போகலையா? ஒரு உதவி பண்ணுங்க. அந்த மேஜை மேல கடை போன் இருக்குல்ல, அது அடிச்சா உடனே என் கையில கொடுங்க. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்... நல்லாத்தான் இருக்கேன்.

வந்துட்டீங்களா! என்ன சொன்னா?... ‘சரி’யா? வெறும் சரியா?... ‘சரி, முரசு கேட்டதும்.’ போதும். போதும் மாப்ள. ரொம்ப நன்றி.

பொறுங்க, பொறுங்க! உடனே ஆரம்பிச்சுடறதா? இதென்ன கண்ணாமூச்சியா? முதல்ல வரைபடம். குட்டியோட கட்டம் போட்ட நோட்டு கம்ப்யூட்டர் பக்கத்துலயே இருக்கும் பாருங்க... கிழிச்சுட்டீங்களா. ஏன்?... ம்... சரி. கோவம் வந்தா கைக்குக் கிடைச்சதைத்தான் கிழிப்பாங்க. வேற தாள் எடுங்க. பேனா வேண்டாம், பென்சில். தப்பா ஒரு கட்டம் போட்டுட்டா அழிக்கணும். எழுதுங்க. வாசல்லேர்ந்து வடக்கே ஏழு கட்டம். அங்க கதவு. கதவைத் தொடாதீங்க, விஷ ஊசி இருக்கு. கிழக்கே நாலு. நாலுதானே போட்டீங்க? எண்ணுங்க... திரும்ப எண்ணுங்க. நான் எங்கயும் ஓடிப் போகல, மெதுவா எண்ணுங்க.

பசிக்குதா? இருங்க மாப்ள, ராட்சசனை எப்படிக் கொல்றதுன்னு சொல்லாம உங்களை விட்டா நான் பாவி. பெரிய ஆளுன்னு பயந்து எல்லாரும் நெஞ்சுல குத்துவாங்க. நெஞ்செலும்பு கத்தியைத் திருப்பி அனுப்பிடும். முதல்ல குதிகால் நரம்பு. அதை அறுத்துட்டா எவ்வளவு பெரிய வீரனும் மண்டி போட்டுத்தான் ஆகணும். அப்புறம் முழங்கால். மூட்டுல எலும்பு கிடையாது மாப்ள, வெள்ளையா ஒரு நாரு, கத்தி முனையை விட்டு ஒரு திருகு திருகினா காலு கையோட வந்துடும். கத்துவான். கத்தட்டும். அப்புறம் தோளு. அடிக்கற கை எதுவோ அந்தத் தோளு. அதை உடைக்கக் கூடாது, கழட்டணும், ஒரு நாரு விடாம. உசுரு இருக்கறப்பவே கழட்டணும். அவன் அதைக் கண்ணால பாக்கணும்... 

என்ன மாப்ள, இதெல்லாம் ஆட்டத்துல காட்டுவாங்களான்னா?... ஐயோ, ஆட்டத்துல அவ்வளவு விவரமெல்லாம் காட்ட மாட்டாங்க. நான் என் தொழிலைக் கலந்து சொல்றேன்... மூச்சு வாங்குதா எனக்கு? பெட்டியைத் தூக்கி வெச்சேன், அதான்.

இருங்க, கடை போன் அடிக்குது. ஒரே நிமிஷம், மியூட்.

அண்ணே, சொல்லுங்க... எந்தச் சந்து? அது இல்ல, அதுக்கு அடுத்தது! மொட்டை மாடியில நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா?... தெரியுதா? அதுதான். பச்சைக் கதவு. இன்ஜினை நிறுத்தாதீங்க. போனை வைக்காதீங்க, சட்டைப் பையில போட்டுக்கங்க. கதவு திறந்ததும் அவளை... ஆமா. இதோ, முரசு.

மாப்ள! ஆரம்பிங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சுடுங்க, ரெண்டு கையும் வேணும். சத்தத்தை முழுசா ஏத்துங்க... இன்னும். இன்னும் ஏத்துங்க மாப்ள, முரசு ஜன்னலை ஆட்டலேன்னா அது கோட்டையே இல்ல... அதான்! எனக்கே இங்க கேக்குது. அப்பப்பா, எத்தனை வருஷம் ஆச்சு!

உருட்டுங்க. ‘உருட்டு’ன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்குனா தலைவனுக்கு எவ்வளவு பலம்னு எண்ணு விழும்... எவ்வளவு?... ஒம்பதா? ஒம்பது பலத்துல எலியைக் கூட அடிக்க முடியாது மாப்ள. திரும்ப உருட்டுங்க... பதினொண்ணு. த்சு. குமாஸ்தா வேலைக்குச் சேத்துக்குவாங்க. உருட்டுங்க... ஏழு! சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? உருட்டுங்க, விடாதீங்க... பதினேழா! பலே! ஆனா உச்சம் பதினெட்டு... இதையே வெச்சுக்கறதா? உங்க இஷ்டம். ஆனா குட்டி போன தடவை பதினெட்டு எடுத்தா. பொண்டாட்டிக்கு ஒண்ணு குறைச்சலா நிக்கறவனை நான் எப்படிப் படைத் தலைவன்னு... அப்படிக் கேளுங்க! ஆம்பளைன்னா இப்படி இருக்கணும். உருட்டுங்க!

எங்க எந்திரிக்கறீங்க? தண்ணியா? உக்காருங்க!... உக்காருங்க மாப்ள, நடுவுல எந்திரிச்சா ராசி போயிடும், அப்புறம் வரவே வராது. குட்டி ஒரு தடவை எந்திரிச்சுப் போயிட்டு வந்தா, ராவும் பகலும் உருட்டினா, அஞ்சுக்கு மேல விழல... என்ன சத்தம்? எனக்கு முரசுதான் கேக்குது... தாழ்ப்பாளா? அட, அது ஆட்டத்துல வர்றது மாப்ள! கோட்டைக் கதவு. இந்த இடத்துல எப்பவும் திறக்கும். இதுக்கப்புறம் காத்து அடிக்கற மாதிரியும் ஒரு சத்தம் வரும். திரும்பிப் பாக்காதீங்க, திரையைப் பாருங்க. எவ்வளவு விழுந்துச்சு? சொல்லுங்க, எவ்வளவு?... பதிமூணு. உருட்டுங்க!... பத்து. உருட்டுங்க!... உருட்டுங்க மாப்ள, கை வலிக்குதா? அடிக்கறப்ப வலிக்காத கை உருட்டறப்ப வலிக்குதா?... குள்ளனுங்களை அடிக்கறப்ப சொல்றேன். உருட்டுங்க!

இருங்க, மியூட். அண்ணே... அண்ணே, பேசுங்க!... ஏறிட்டாளா. நடந்தாளா?... தூக்கிட்டு வந்தீங்களா. முகம்?... ரெண்டு கண்ணும் வீங்கி மூடிடுச்சா... சரி. சரி. சொல்லாதீங்க, போதும். நேரா ஆஸ்பத்திரி. எங்கயும் நிக்காதீங்க. இந்த லைன் அப்படியே இருக்கட்டும்.

மாப்ள... என்ன? வந்துடுச்சா! பதினெட்டா! ஆஹா. கடைசியில வந்துடுச்சு. சந்தோஷமா?

எந்திரிடா.

ஆமா, ‘டா’தான். சரியாத்தான் கேக்குது உனக்கு. எந்திரிச்சுப் போய் சமையக்கட்டைப் பாரு. போடா.

...பாத்தியா?... கத்தாத. முரசை நிறுத்திட்டு வந்து கத்து, ஒண்ணும் கேக்கல எனக்கு... அவ எங்கன்னா? உன்கிட்டேர்ந்து போயிட்டா. அவ்வளவுதான் உனக்குத் தெரியணும். ஒத்தைன்னா என்னன்னு கேட்டியே, சொல்றேன் கேட்டுக்கோ. இன்னொரு அடி விழுந்தா செத்துடுவேன்னு அர்த்தம். நீதான்டா வந்து சொன்ன. வண்டி வருது, ஓடிப்போன்னு அவகிட்ட போய்ச் சொன்னதும் நீதான். எழுத்து மாறாம சொன்ன. ரொம்ப நன்றி.

என்ன வாய் நீளுது? உன் பொண்டாட்டின்னா? உன் பொண்டாட்டின்னா எலும்பும் உன்னோடதா?... வழுக்கி விழுந்தா! எனக்கே கதை சொல்றான் பாரு. தலையில விழ வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தாதான்டா அந்த இடத்துல அந்த எலும்பு உடையும். எதால அடிச்ச? சொல்லு... சொல்ல மாட்ட. எதுக்கு அடிச்ச, அதையாவது சொல்லு.

...சனிக்கிழமை போவேன்னு எதுத்துப் பேசினாளா. அதுக்காகவா?

அதுக்காகவாடா?

நான்தான்டா சொன்னேன். நான்தான் அவளை உசுப்பேத்தி விட்டேன், கேளுடி, தைரியமா கேளு, ஒரு நாளைக்குத்தானே, தலையையா வாங்கிடுவான்னு. ரெண்டு வருஷம் முன்னாடி கன்னத்துல நீலமா வீங்கி வந்து நின்னா. கதவுல இடிச்சுக்கிட்டேன்னா. நம்பினேன். எலும்பைப் பாத்தே ஆட்டுக்கு வயசு சொல்ற கழுதை நான், என் தங்கச்சி முகத்தைப் பாத்து நம்பினேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போடின்னு வேற சொல்லி அனுப்பினேன். இந்த வாயால சொன்னேன். உன்னை வெட்டினா அந்தக் கத்தியால என் நாக்கையும் அறுக்கணும்.

போலீஸா? நீ என் மேல கொடுக்கப் போறியா? கொடு. ஆஸ்பத்திரியில அவ கையைப் பாத்ததும் அவங்களே எழுதி அனுப்பிடுவாங்க, உன்னைத் தேடி வரும். அதுவரைக்கும் உனக்கு நேரம் இருக்கு... 

எங்க வரப்போற? கடைக்கா? வா. வாடா. தனியா வர்றியா, ஆளைக் கூட்டிட்டு வர்றியா? யாரைக் கூட்டிட்டு வந்தாலும் கட்டை பெரிசு, எல்லாருக்கும் இடம் இருக்கு. ஷட்டரை ஏத்தியே வெச்சிருக்கேன்... டீச்சரம்மா, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. சொன்னா கேளுங்க, இங்க நிக்காதீங்க... ஜெயில்தானே? போறேன். உன் குடலை உருவி இந்தக் கொக்கியில மாட்டிட்டு, கையைக் கழுவிட்டு, நானா நடந்து போறேன். வா, எவ்வளவு நேரத்துல வருவ? பத்து நிமிஷமா? கத்தியைத் தீட்டி வைக்கறேன். உன் தோளைத்தான் முதல்ல...

இரு. இருடா, அந்த போன்ல பேசறாங்க.

குட்டி?... குட்டிமா, அக்காதான்டி. பேசு, பேசு, கேக்குது... ஆமா, அவன்தான். வரச் சொல்லியிருக்கேன்... வரட்டும்டி. நீ பயப்படாத, இனி உன்கிட்ட வரமாட்டான், வரதுக்குக் காலு இருக்காது... என்ன?... ம்... ஆஸ்பத்திரி வந்தாச்சா... ஏன், அண்ணன் இருக்காருல்ல?... ம்... எலும்பை இழுத்து வெச்சுக் கட்டணும்னாங்களா... இன்னொரு கையை... நான் பிடிச்சுக்கணுமா?...

அழாத.

குட்டி, அழாதடி. நான் இங்க... ஒரு வேலை... இல்ல. இல்ல, ஒரு வேலையும் இல்ல. இதோ கத்தியைக் கீழ வெச்சுட்டேன். சத்தம் கேட்டுச்சா? வெச்சுட்டேன். அவங்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, நான் வர்றதுக்குள்ள கையைத் தொடக் கூடாதுன்னு சொல்லு.

டேய், இருக்கியா?... கிளம்பிட்டியா? வா. வந்து, பூட்டின ஷட்டரைப் பாத்துக் கத்திட்டுப் போ. உன்னை வெட்டணும்னு எனக்குக் கை அரிக்குதுடா, சத்தியமா அரிக்குது. ஆனா நேரமில்ல. என் தங்கச்சி கூப்பிடறா. வைடா போனை.